பிறர் தோளில் புண்ணியம்

யூதர்கள் ரொட்டியைத் தொடுமுன் கை கழுவியாக வேண்டும். இவ்வளவு நீர் போதும் என்று அதற்கோர் அளவு உண்டு. தாராளமாக ஊற்றிக்கொண்டால் இன்னும் விசேஷம்.

லிதுவேனியாவில் ரபி இஸ்ரேல் சலாந்தர் (1810–1883) என்றொரு பெரியவர் இருந்தார். சாஸ்திரத்தைப் படித்தால் மட்டும் போதாது, மனிதன் தன் குணத்தையும் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று ‘மூஸார்’ இயக்கத்தைத் தொடங்கியவர். ஒரு வீட்டில் அவர் குறைந்தபட்ச நீரையே எடுத்தாராம். “இன்னும் ஊற்றிக் கொள்ளுங்களேன்” என்றார்களாம். கிணற்றிலிருந்து சுமந்து வந்த வேலைக்காரப் பெண்ணைக் காட்டி, அவள் தோளில் ஏறி எனக்குப் புண்ணியம் வேண்டாம் என்றாராம்.

கதை நடந்ததோ, சீடர்கள் கட்டியதோ! ஆனால் 1848-ல் வில்னாவில் காலரா பரவியது சரித்திரம். பச்சைத் தண்ணீர்கூடப் பருகாத பாவ மன்னிப்பு நோன்பு நாளில், உயிரைக் காக்க உண்ணலாம் என்றார் இவர். சிலர் முகம் சுளித்தார்கள்.

எனக்கென்னவோ அதைவிடக் கை கழுவிய காரியமே கடினமாகப் படுகிறது. காலராவில் சாவு வாசலிலேயே நிற்கிறது, யாருக்கும் தெரியும். சாப்பாட்டு வேளையில், பசியோடு, அடுத்தவள் தோளைப் பார்ப்பது அப்படியா? இன்றோ குழாயைத் திருகினால் நீர் கொட்டுகிறது. யாருடைய உழைப்பு என்று கண்ணில் படுவதே இல்லை.

கதை எழுதுகிறவனுக்கு அந்தப் பெண்மேல்தான் கண். ரபியின் பெயர் நின்றது, அவள் பெயரில்லை. அவர் சொன்னது அவள் காதில் விழுந்திருக்குமா? அன்று ஒரு நடையாவது அவளுக்குக் குறைந்ததா?