உப்பில்லாச் சோறு

தண்ணீர்ப் பானை வாங்க வருகிறவர்கள் விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். ணங்கென்று கேட்டால் நன்றாக வெந்த பானை. நான் பார்ப்பது வேறு. தண்ணீர் ஊற்றி ஒரு ராத்திரி வைத்தால் வெளிப்பக்கம் வேர்க்க வேண்டும். கண்மாய்க் களிமண்ணோடு மணலை அளவாகச் சேர்த்து மிதித்தால்தான் அந்த வேர்வை கிடைக்கும். வேர்க்காத பானை எத்தனை அழகாக இருந்தாலும் தண்ணீரைக் குளிர வைக்காது.

அது ஏன் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் மகள். பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சக்கரத்துக்கு எதிரே உட்கார்ந்து சொன்னாள். ஒரு கிராம் தண்ணீரைப் பனிக்கட்டிக் குளிரிலிருந்து கொதிக்கிற வரைக்கும் சூடேற்ற 100 கலோரி போதும். கொதிக்கும் அதே ஒரு கிராம் ஆவியாக மாற ஏறக்குறைய 540 கலோரி வேண்டும். பானையின் மேல் வேர்க்கும் தண்ணீர் கொதிக்காமலே ஆவியாகிறது. அதற்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் சூடு வேண்டும். அதைப் பானையிடமிருந்தும் உள்ளே கிடக்கும் தண்ணீரிடமிருந்தும் பிடுங்கிக்கொண்டுதான் போகிறது.

"அப்ப அந்தச் சூடு எங்க போகுது?" என்று கேட்டேன்.

"ஆவிக்குள்ளயே ஒளிஞ்சிருக்கும்ப்பா. மேல போய் மறுபடி தண்ணியாகும்போது வெளிய வந்துரும். உள்ளுறை வெப்பம்னு பேரு."

நாங்கள் வேளார். கண்மாய்க்கரை அய்யனாருக்குப் பூசை வைப்பதும் நாங்கள்தான். ஊர் கூடிப் பிடிமண் எடுத்துக் கொடுத்தால் புரவி செய்து, சுட்டு, வண்ணம் பூசி, கண் திறந்து கொடுக்க வேண்டும். பெரியாறு அணை 1895இல் வந்த பிறகு மேலூர்ப் பக்கத்து வயல்களில் ஒருபோகமாவது கால்வாய்த் தண்ணீரில் விளைகிறது. எங்கள் கண்மாய்க்கு அந்தத் தண்ணீர் ஏறாது. வானம் பொழிந்தால் உண்டு. ஆகவே மழை பிந்தினால் எங்கள் வீட்டு வாசலுக்குத்தான் ஆள் வரும்: "பூசாரி, சாமிகிட்ட கேளுங்க."

2018 ஐப்பசியிலும் கேட்டேன். பெண்கள் வீடு வீடாகப் போய் மழைச்சோறு எடுத்தார்கள். உப்புப் போடாமல் ஆக்கிய சோற்றை ஆளுக்கொரு அகப்பை வாங்கி, ஒரே பானையில் கொட்டிப் பிசைந்து, கண்மாய்க்கரையில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். எங்கள் கண்மாய்க்கு மழை கொடு என்று வாய்விட்டுக் கேட்டேன். என் சொல் அதுதான்.

கார்த்திகை பிறக்கும் தறுவாயில் மழை வந்தது. நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய கஜா புயல், புதுக்கோட்டை, திண்டுக்கல் வழியாக மேற்கே போயிற்று. அதன் ஓரத்து மழை எங்களுக்கு. விடிந்ததும் கண்மாயில் முழங்கால் அளவு செந்தண்ணீர் கிடந்தது. நான் கரையில் நின்று கும்பிட்டேன்.

மகளைக் கட்டிக் கொடுத்திருப்பது பேராவூரணிப் பக்கம். அவள் போன் மூன்று நாள் எடுக்கவில்லை.

நான்காம் நாள் போய்ச் சேர்ந்தேன். ஆட்கள் பிழைத்திருந்தார்கள். மருமகன் தோப்பில், சாய்ந்து கிடந்த தென்னை ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். "முப்பத்தெட்டுல நாலு நிக்குது மாமா" என்றார். அவருடைய அப்பா வைத்த மரங்கள். குருத்து ஒடிந்த இடத்தில் ஈ மொய்த்தது. இளநீர் வாடையும் அழுகல் வாடையும் கலந்து அடித்தது. என் காலில் எங்கள் கண்மாய்ச் சேறு காய்ந்திருந்தது. அதைப் பார்க்க முடியாமல் பம்புசெட்டுத் தொட்டியில் கழுவினேன்.

இந்தப் புயல் எதனால் என்று மகள்தான் மறுபடி சொன்னாள். அடிமட்டத்தில் அதுவும் பானை வேர்வைதான். கடல் 26.5 டிகிரிக்கு மேல், 50 மீட்டர் ஆழம் வரைக்கும் சூடாகிக் கிடந்தால் ஆவி ஓயாமல் எழும். மேலே குளிர்ந்து மேகமாகும்போது ஒளித்து வைத்த சூட்டை அவிழ்த்துவிடும். அந்தச் சூட்டில் காற்று இன்னும் மேலே ஏறும். கீழே அழுத்தம் குறையும். குறைந்த இடத்தை நிரப்ப நாலா பக்கமும் காற்று பாயும். பூமி சுற்றுவதால் அது நேராக வந்து சேர முடியாமல், நம் பக்கத்தில் இடஞ்சுழியாகச் சுழலும். சுழல்கிற அத்தனை காற்றுக்கும் நடுவில் கண் மட்டும் அமைதியாக இருக்கும். சக்கரத்தின் நடுப்புள்ளியில் விரல் வைத்துப் பழகிய எனக்கு அது உடனே விளங்கியது. நிலத்துக்கு வந்துவிட்டால் கடல் ஆவி கிடைக்காது, வேகம் தணியும். தணிந்த மிச்சத்தைத்தான் நாங்கள் மழை என்று கும்பிட்டோம்.

ஊர் திரும்பினால் டீக்கடையில் ஒருவர், "அந்தப் பக்கம் என்ன சாமி குத்தம் பண்ணினாகளோ" என்றார். எனக்கு உடம்பு நடுங்கியது. வெந்நீராய்க் கிடக்கும் கடலுக்குக் குத்தம் தெரியாது, மகளின் பெயர் தெரியாது. என் மகன் வேறு விதமாகச் சொன்னான்: கடலும் சூடும்தான் காரணம் என்றால் அய்யனாரிடம் கேட்பது எதற்கு, விட்டுவிடலாமே என்று. அவன் சொன்னதும் எனக்கு ஒட்டவில்லை. கும்பிடாமல் அந்தக் கரையைக் கடக்க என்னால் ஆகாது.

பல மாதம் யோசித்தேன். எனக்கு வழி காட்டியது மழைச்சோறுதான். அந்தப் பானையில் எந்தப் பிடி எந்த வீட்டுச் சோறு என்று யாராலும் பிரிக்க முடியாது. கடல் ஆவியாகும்போது உப்பு கடலிலேயே தங்கிவிடுகிறது. மழையும் உப்பில்லாமல்தான் வருகிறது, எந்தக் கரையைத் தாண்டி வந்தது என்ற அடையாளமே இல்லாமல். எங்கள் கிழவிகள் இதைப் படித்தவர்கள் அல்லர், ஆனாலும் சோற்றில் உப்புப் போடாமல் விட்டார்கள். நான்தான் அதைச் சாப்பிட்ட வாயால் 'எங்கள் கண்மாய்க்கு' என்று கேட்டேன். அய்யனாரிடம் மழை மூட்டையாக இல்லை, ஊருக்கொன்றாகத் தூக்கிக் கொடுக்க. மழை கேட்கிறவன் அதைச் சுமந்து வரும் காற்றையும் சேர்த்தே கேட்கிறான். அந்தக் காற்று மிதித்து வந்த ஊர்களுக்கு அவன் கடன்பட்டவன். கும்பிடுவது அந்தக் கடனை ஒப்புக்கொள்வது என்றால் நான் மனமாரக் கும்பிடுவேன்.

அடுத்த புரவியெடுப்புக்குப் பிடிமண் வாங்கியபோது, மகளையும் தோப்பிலிருந்து ஒரு பிடி எடுத்து வரச் சொன்னேன். ஊர்ப் பெரியவர்கள் யோசித்தார்கள், பிறகு தலையாட்டினார்கள். மணல் கலந்த செம்மண் அது. கண்மாய்க் களியோடு சேருமா என்ற பயத்தில் இரண்டு நாள் கூடுதலாக மிதித்தேன். சூளை பிரித்துப் பார்த்தபோது புரவி நின்றது. இடது முன்னங்காலில் மட்டும் மயிரிழை விரிசல் ஒன்று. சுண்ணாம்பு வைத்து அதை அடைக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படியே தோளில் ஏற்றிக் கண்மாய்க்கரைக்குக் கொண்டுபோனோம்.