காஞ்சியிலிருந்து மலையேறிய சாமி

சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று சேலம், நாமக்கல் சமவெளியைச் சுற்றி நிற்கும் மலைகளில் வாழும் பழங்குடிகள் மலையாளிகள். கேரளத்தோடு தொடர்பில்லாதவர்கள், தமிழ்தான் பேசுகிறார்கள். தங்கள் முன்னோர் இந்த மலைகளில் தோன்றியவர்கள் என்று அவர்களே சொல்வதில்லை. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பி மூவர் மலைக்கு ஒருவராகப் பிரிந்து ஏறினார்கள், கூடவே கரியராமன் என்ற தெய்வத்தையும் கொண்டுவந்தார்கள் என்பது அவர்களின் கதை. தென்னிந்தியச் சாதிகள் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தொகுதிகளிலும் இந்தக் கதை உண்டு. எந்த அண்ணன் எந்த மலைக்குப் போனார் என்பது மட்டும் சொல்கிறவருக்கேற்ப மாறும்.

தொல்குடி உரிமைக்காக வாதாடுகிறவர்களுக்கு இந்தக் கதை கொஞ்சம் சங்கடம். முதலில் வந்தவருக்கே மண் என்பதுதான் அந்த வாதத்தின் வழக்கமான அடித்தளம். இங்கேயோ ஆளும் வந்தவர், சாமியும் வந்தவர். அப்படியானால் மலை யாருக்கு?

ஐ.நா. பொதுச்சபை 2007 செப்டம்பர் 13 அன்று தொல்குடி மக்களின் உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. 144 நாடுகள் ஆதரித்தன, நான்கு எதிர்த்தன. மண்ணோடும் நீரோடும் ஒரு சமூகத்துக்கு உள்ள ஆன்மிகப் பிணைப்பைக் காக்கும் உரிமையை அதன் 25-வது பிரிவு ஏற்கிறது. யார் தொல்குடி என்று மட்டும் பிரகடனம் எங்கேயும் வரையறுக்கவில்லை. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ஆனால் விடுதலைக்குப் பின் இந்நாட்டு மக்கள் அனைவருமே தொல்குடிகள்தான் என்றும் விளக்கம் தந்தது. தூக்கிய கையையே கழுவிக்கொண்ட கதை. பழங்குடிகளைப் பொதுச் சமூகத்தில் கரைக்க நினைத்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 107-வது உடன்படிக்கையை 1958-ல் ஏற்ற இந்தியா, அந்த நோக்கைக் கைவிட்டு 1989-ல் வந்த 169-வது உடன்படிக்கையை இதுவரை ஏற்கவில்லை.

யார் பழங்குடி என்று தீர்மானிக்கும் உள்நாட்டு அளவுகோல் இன்னும் விசித்திரமானது. 1965-ல் லோகூர் குழு கைக்கொண்ட ஐந்து அடையாளங்களில் ஒன்று, வெளியாரோடு பழகக் கூச்சம். கொல்லிமலைக்காரர் இன்று மிளகையும் குச்சிக்கிழங்கையும் வியாபாரிகளிடம் விலை பேசி விற்கிறார். கூச்சப்பட்டால் பிழைப்பு நடக்குமா?

வழி காட்டியது ஒடிசாவின் நியம்கிரி மலை. அங்கே பாக்சைட் வெட்டுவது டோங்ரியா கோண்டுப் பழங்குடிகளின் வழிபாட்டு உரிமையைப் பாதிக்குமா என்பதைக் கிராமசபைகளே முடிவு செய்யட்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 18 அன்று தீர்ப்பளித்தது. கூடிய 12 கிராமசபைகளும் வேண்டாம் என்றன. அந்த பாக்சைட்டை எதிர்பார்த்திருந்த வேதாந்தா குழுமத்தின் கையில்தான் மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலையும் இருந்தது. மால்கோவுக்கு பாக்சைட் போனது ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும். சேர்வராயன் மலையில் அதே பெயருள்ள சாமி உச்சிக் குகையில் இருக்கிறார். ஆனால் அந்தச் சுரங்கங்கள் தொடங்கிய காலத்தில் ஊரைக் கூட்டிக் கேட்கச் சொல்லும் சட்டமே கிடையாது.

நியம்கிரித் தீர்ப்பு பெரிது, சந்தேகமில்லை. அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கோண்டுகளுக்கு மலையே நியமராஜா. சாமியையும் பாறையையும் பிரிக்க முடியாது. கரியராமன் அப்படியல்ல, கொண்டுவந்து அமர்த்தப்பட்டவர். மண்ணிலேயே முளைத்த தெய்வத்துக்குத்தான் சட்டம் இரங்கும் என்றால் மலையாளிகள் தோற்றுப்போவார்கள்.

சமவெளிக்காரருக்கு இது புரியாத விஷயமல்ல. பஞ்சத்திலோ பகையிலோ ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் பழைய கோயிலில் பிடிமண் எடுத்துவந்து புது ஊரில் குலதெய்வம் வைத்திருக்கிறார்கள். அந்தச் சாமிக்கு சக்தி குறைவு என்று யாரும் சொல்வதில்லை. அந்தக் குடும்பத்தின் பட்டாவையும் யாரும் சந்தேகிப்பதில்லை. வந்த இடத்தில் வருஷா வருஷம் பொங்கல் வைத்து, செத்தவரை அங்கேயே புதைத்து, காடு கழனியைப் பார்த்துக்கொள்வதால் உண்டாகும் பாத்தியதை அது. மலைமேல் இருப்பவரிடம் மட்டும் ஆதியிலிருந்தே இருந்தாயா என்று கேட்பது நியாயமாகத் தெரியவில்லை.

பழங்குடிப் பகுதிகளுக்குத் தனிப் பாதுகாப்பு தரும் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் தமிழ்நாட்டுப் பகுதி எதுவும் இல்லை. ஆகவே மலைமக்களுக்கு முக்கியப் பிடிமானம் 2006-ன் வன உரிமைச் சட்டம்தான். அதிலும் ஒரு கோடு குறுக்கே ஓடுகிறது. பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயர் தர்மபுரி, சேலம், திருச்சி உள்ளிட்ட சில பழைய மாவட்டங்களுக்கு மட்டுமே உண்டு. 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்ததால் நாமக்கல் தப்பியது. கோயம்புத்தூரிலிருந்து பிரிந்த ஈரோட்டின் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் பட்டியலுக்கு வெளியே நின்று நெடுங்காலமாக மனு கொடுத்துவருகிறார்கள். பட்டியலில் உள்ள கொல்லிமலைக்காரர் 2005 டிசம்பர் 13-க்கு முன்பே வனநிலத்தில் இருந்ததைக் காட்டினால் போதும். பர்கூர்க்காரரோ அந்தத் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும்.

எதைக் காட்டி? சட்டத்தின் விதிகளில் 13-வது விதி சான்றுகளைச் சொல்கிறது. அரசு ஆவணங்களோடு கிணறு, இடுகாடு, வழிபாட்டு இடம் ஆகியவற்றையும் ஊர்ப் பெரியவர்களின் எழுதிவாங்கிய வாக்குமூலத்தையும் அது ஏற்கிறது. சாமி எந்த ஊரிலிருந்து வந்தது என்று அந்த விதி கேட்பதில்லை.