எதுக்கு?

1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் 17-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. மாநில விதிகளுக்கும் கட்டணத்துக்கும் உட்பட்டு, பதிவேட்டில் உள்ள ஒரு பதிவைத் தேடித் தரும்படி எவரும் கேட்கலாம், அதன் நகலையும் வாங்கலாம் என்கிறது அது. அந்த 'எவரும்' என்ற சொல்லுக்கு முன்னால் அடைமொழி எதுவும் கிடையாது. உறவினர், வாரிசு, உள்ளூர்க்காரர் என்றெல்லாம் சட்டம் அதைச் சுருக்கவில்லை.

இதை மரக்காணத்து உப்பளத் தொழிலாளர்களிடம் சொல்லும்போதெல்லாம் எனக்கு இரண்டு விதமான பதில் கிடைத்திருக்கிறது. "நெசமாவா? அப்ப ஏன் என்னைய நாலு தபா அலைய உட்டாங்க?" என்பது ஒன்று. "அப்படின்னா எங்கூட்டு சாவ எவன் வேணா எடுத்துப் பாக்கலாமா?" என்பது மற்றது. ஒரே ஆள் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டதும் உண்டு. இரண்டுமே நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் சேர்த்து ஒரு பதில் இருக்க முடியுமா என்பது கொஞ்ச காலமாக என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது.

நான் வக்கீல் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி ஒரு கணினியும் பிரின்டரும் வைத்துக்கொண்டு மனு எழுதிக் கொடுப்பவன். என் பார்வை அந்த மேசை அகலம்தான். ஆனால் அந்த மேசைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு பதிவைத் தேடி வருகிறவர்கள். தான் பிறந்த தேதியை, புருஷன் செத்த தேதியை, அப்பா மேல் இருந்த வழக்கு முடிந்த தேதியைத் தேடுகிறவர்கள். தங்களைப் பற்றிய ஒரு வரி எங்கோ ஓர் அலுவலக அலமாரியில் இருக்கிறது, அதைக் காட்டினால்தான் அடுத்த காரியம் நடக்கும் என்ற நிலையில் வருகிறவர்கள்.

வரி இல்லாமலே போனவர்களின் கதை இன்னும் சிக்கல். வீட்டில் பிரசவம், வீட்டிலேயே சாவு என்றிருந்த காலத்தில் தானாகப் போய்ச் சொன்னால்தான் பதிவு. சென்னை மாகாணத்தில் 1899 முதலே பிறப்பு இறப்புப் பதிவுக்குத் தனிச் சட்டம் இருந்தது. கிராமத்தில் எழுதும் வேலை முன்சீப்புடையது. 1980-இல் பரம்பரை முன்சீப், கணக்குப்பிள்ளை பதவிகள் ஒழிக்கப்பட்டு, பிறகு கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். முன்சீப் வீடு ஊர்த்தெருவில் இருந்தது, அளத்து வேலைக்காரர்கள் காலனியிலும் குப்பத்திலும் இருந்தார்கள், நடுவில் இருந்த தூரம் நடக்கிற தூரம் இல்லை என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். (பூமீஸ்வரர் கோயில் சுவரில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அதுவும் பொது ஆவணம்தான், எதுக்குப் படிக்கிறாய் என்று யாரும் தடுப்பதில்லை. பொதுவாக அப்படிப்பட்ட கல்வெட்டுகளில் தானம் கொடுத்தவர் பெயர் இருக்கும். உப்பு வாரினவர் பெயரைத் தேடினால் ஏமாற்றம்தான்.)

ஒரு வருஷம் தாண்டிய பிறப்பையோ இறப்பையோ பதிய, சட்டத்தின் பழைய வடிவத்தில் முதல் வகுப்பு நடுவரின் உத்தரவு வேண்டும். இப்போது அது ஆட்சியர், கோட்டாட்சியர் நிலை அதிகாரிகளிடம் வந்துவிட்டது. அதற்கு முதல் படி, உங்கள் பதிவு எங்களிடம் இல்லை என்று அலுவலகமே ஒரு சான்று கொடுக்க வேண்டும். இல்லாததற்கு ஒரு காகிதம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் புருஷனை இழந்த ஓர் அம்மாவுக்கு இதை விளக்கிக்கொண்டிருந்தேன். மனைப்பட்டா மாற்ற வாரிசுச் சான்று வேண்டும், அதற்கு இறப்புச் சான்று வேண்டும். "ஊரே சேந்து தூக்கிம்போச்சு தம்பி, அதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?" என்றார். ஊர் பார்த்ததும் அரசு எழுதியதும் வேறு வேறு என்பதை நான் எந்தச் சொல்லில் சொல்வது? சொல்லவில்லை. மனுவை எழுதினேன்.

இப்படி வருகிறவர்களிடம் அலுவலகங்களில் முதலில் கேட்கப்படும் கேள்வி, "எதுக்கு?" என்பதுதான். எதுக்கு வேணும், யாருக்கு வேணும், இப்ப எதுக்கு. கேட்கிறவர் எல்லாரும் கெட்டவர்கள் இல்லை. பலர் உதவத்தான் கேட்கிறார்கள். காரணம் தெரிந்தால் சரியான படிவத்தைச் சொல்லலாமே. ஆனாலும் அந்தக் கேள்வி ஒரு காரியத்தைச் செய்துவிடுகிறது. தன் உரிமையை வாங்க வந்தவரை உதவி கேட்டு நிற்பவராக மாற்றிவிடுகிறது. தகவல் உரிமைச் சட்டத்தை 2005-இல் எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அதன் 6(2) பிரிவு, மனுதாரரிடம் காரணம் கேட்கக் கூடாது என்றே சொல்கிறது. எனக்குத் தெரிந்த சட்ட வாசகங்களில் மனிதரின் முதுகை நிமிர்த்தும் வாசகம் அதுதான்.

அப்படியானால் எல்லாவற்றையும் காரணம் கேட்காமல் திறந்துவிடலாமா என்றால், அங்கேதான் இரண்டாவது கேள்வி குறுக்கே நிற்கிறது. எங்கூட்டு சாவ எவன் வேணா பாக்கலாமா?

17-ஆவது பிரிவிலேயே ஒரு விலக்கு இருக்கிறது. இறப்புப் பதிவின் நகல் யாருக்குக் கொடுக்கப்பட்டாலும், அதில் இறப்பின் காரணம் வெளியாகக் கூடாது. இங்கிலாந்தில் அப்படி இல்லை. 1837 முதல் அங்கே நடக்கும் பதிவில், கட்டணம் கட்டினால் யாருடைய இறப்புச் சான்றையும் யாரும் வாங்கலாம், காரணமும் அதிலேயே எழுதியிருக்கும். நம் சட்டம் அதை மூடிவைத்தது. காசநோயிலோ தற்கொலையிலோ போன ஒருவரின் குடும்பத்தில் அடுத்து ஒரு கல்யாணம் நடக்க வேண்டியிருக்கும் என்பது ஊருக்குள் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். அந்த விலக்கை நான் நல்ல மனசின் அடையாளமாகவே வாசித்துவந்தேன்.

2021-இல் அந்த வாசிப்பு ஆட்டம் கண்டது. கொரோனாவில் செத்தவர்களின் குடும்பங்கள் நேர் எதிரானதைக் கேட்டன. காரணத்தை எழுதுங்கள் என்றன. அந்த ஆண்டு ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம், கொரோனா இறப்புக்கு அதைக் குறிப்பிட்டு ஆவணம் வழங்கும் முறையை எளிதாக்கச் சொன்னது. பிறகு 50,000 ரூபாய் உதவித்தொகையும் அந்தக் காகிதத்தைப் பிடித்துத்தான் வந்தது. காரணம் எழுதப்படாத சாவு கணக்கில் வராத சாவாகிவிட்டது.

2023 மே மாதம் அது எங்கள் கடற்கரைக்கே வந்தது. மரக்காணத்தை ஒட்டிய எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து எங்கள் பக்கத்தில் மட்டும் 14 பேர் செத்தார்கள். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சாவு. அரசு குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. இந்தச் சாவுகளின் காரணம் குடும்பத்தின் அந்தரங்கமா, ஊரின் உரிமையா? சாராயத்தில் செத்தான் என்பது பிள்ளைகளின் தலையில் விழும் சொல். ஆனால் வெறுமனே உடம்பு சரியில்லாமல் செத்தான் என்று பதிவேடு மௌனமாகிவிட்டால், விற்றவனும் விற்கவிட்டவனும் தப்பித்துப் போவான். மூடிவைப்பது யாருக்குக் கருணை, யாருக்கு வசதி என்பது ஒவ்வொரு சாவிலும் மாறுகிறது. 2023 திருத்தம் ஒரு நல்ல காரியம் செய்தது. மருத்துவமனை கொடுக்கும் இறப்புக் காரணச் சான்றின் ஒரு பிரதி நெருங்கிய உறவினருக்கும் போக வேண்டும் என்றது. சொல்வதா வேண்டாமா என்பதை முதலில் அவர்கள் கையில் வைக்கிறது. இது போதாது, ஆனால் திசை சரி.

நீதிமன்ற ஆவணத்தில் இந்த முடிச்சு இன்னும் இறுகுகிறது. இங்கே எங்களுக்குத் திண்டிவனம் நீதிமன்றம். வழக்கில் சம்பந்தப்பட்டவர் நகல் மனு போட்டு வாங்கலாம். மூன்றாம் நபர் என்றால் காரணத்தை உறுதிமொழிப் பத்திரத்தில் சொல்ல வேண்டும். குஜராத் உயர் நீதிமன்ற விதியை முன்வைத்து வந்த வழக்கில் 2020 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம், நீதிமன்ற ஆவணங்களை அந்தந்த நீதிமன்ற விதிகளின்படிதான் கேட்க வேண்டும், தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக அல்ல என்றது. அதாவது, காரணம் கேட்காத கதவு இருக்கும்போதே காரணம் கேட்கும் கதவுக்குப் போகச் சொன்னது.

இதே நீதிமன்றங்களின் தீர்ப்புகள் இணையத்தில் கிடக்கின்றன. பெயரைத் தட்டினால் வருகின்றன. பெண் கொடுக்கப் போகிறவர் தட்டுகிறார், வேலை கொடுக்கப் போகிறவர் தட்டுகிறார். அவரிடம் யாரும் எதுக்கு என்று கேட்பதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பையன் அடிதடி வழக்கில் சேர்க்கப்பட்டு விடுதலையானான். விடுதலைத் தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மூன்று முறை போய்வந்தான். அவனை வேலைக்கு எடுக்க இருந்தவர் அதற்குள் பாதியை போனிலேயே படித்துவிட்டார். மேலோட்டமாகப் படித்தால் குற்றச்சாட்டுதான் முதலில் கண்ணில் படும். விடுதலை கடைசிப் பத்தியில்தான் இருக்கும்.

இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு பழைய பங்கு உண்டு. ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் வெளியிடுவது பற்றிய வழக்கில், 1994-இல் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. ஒரு விஷயம் நீதிமன்ற ஆவணம் உட்படப் பொது ஆவணத்தில் ஏறிவிட்டால், அதைப் பற்றி எழுதுவதை அந்தரங்கத்தின் பெயரால் தடுக்க முடியாது, பாலியல் குற்றத்துக்கு ஆளானவர்கள் போன்றோர் விலக்கு என்றது. பத்திரிகையை அதிகாரிகளிடமிருந்து காத்த தீர்ப்பு அது. அன்று பொது ஆவணம் என்றால் தேடிப் போனவருக்குக் கிடைப்பது. இன்று தேடாதவர் முன்னாலும் வந்து நிற்பது. 2021-இல், குற்றச்சாட்டிலிருந்து முழுதாக விடுதலையான ஒருவர் தன் பெயரைத் தீர்ப்பிலிருந்து நீக்கக் கேட்டபோது சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது, அதற்கான சட்டம் வரட்டும் என்றது. 2024 பிப்ரவரியில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு நீக்கச் சொன்னது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது.

அந்த மனிதருக்காக என் மனம் இளகுகிறது. ஆனாலும் தீர்ப்பு மறைந்துவிடக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தீர்ப்பு என்பது அரசு செய்த ஒரு காரியம். ஒருவரை ஏன் பிடித்தார்கள், ஏன் விட்டார்கள் என்பதை யாரும் காரணம் சொல்லாமல் படிக்க முடிய வேண்டும். அவருடைய பெயர் அரசு செய்த காரியம் அல்ல, அது அவர் அப்பா அம்மா வைத்தது. வரியைத் திறந்துவைத்துவிட்டு, விடுதலையானவரின் பெயருக்கு மட்டும் எதுக்கு என்று கேட்டால் என்ன குறைந்துவிடும்? காலம் போனால் அந்தக் கேள்வியும் தேவையில்லாமல் போகும். 1860 முதல் 1911 வரை நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய ஒரு லட்சத்து 52 ஆயிரம் பேரின் பட்டியலில் ஊர், சாதி, அப்பா பெயரோடு உடம்பில் உள்ள தழும்பும் எழுதப்பட்டிருக்கிறது. அன்று அது ஆளை அடையாளம் வைத்துப் பிடிக்க உதவும் குறிப்பு. இன்று டர்பனில் இருக்கும் கொள்ளுப்பேத்திக்கு அந்தத் தழும்பு ஒன்றுதான் கொள்ளுத்தாத்தாவின் முகம்.

இவ்வளவு தூரம் வந்த பிறகு என்னைத் தடுக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. பெயரைக் காப்பது என்ற நியாயத்தை முதலில் பிடித்துக்கொள்கிறவர்கள் ஏழைகளாக இருப்பதில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) பிரிவு முன்பு, பொதுப்பணிக்குச் சம்பந்தமில்லாத தனிப்பட்ட தகவலைத்தான் மறுக்க அனுமதித்தது. சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் பக்கத்தில் இருந்தது. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) அதையெல்லாம் எடுத்துவிட்டு, தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்கலாம் என்று சுருக்கியது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்தது. பொதுநலன் பெரிது என்றால் கொடுக்கலாம் என்ற 8(2) இன்னும் இருக்கிறது. ஆனால் அதை எடைபோடுகிறவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்.

மழைக்கால மூன்று மாதம் பாத்திகள் தண்ணீரில் கிடக்கும்போது உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு அரசு 5,000 ரூபாய் கொடுக்கிறது. அளத்தில் கால் வைக்காதவர் பெயரும் பட்டியலில் இருக்கிறது என்று ஒரு பேச்சு கிளம்பி, நான்கு பெண்கள் என் கடைக்கு வந்தார்கள். பட்டியலைக் கேட்டு மனுப் போட வேண்டும். தனிப்பட்ட தகவல் என்று மறுக்க இடமிருக்கிறது என்று சொன்னேன். உங்கள் பெயர், குடும்ப விவரம் எல்லாம் அதில் இருக்கும், கொடுத்தால் எல்லாரும் பார்ப்பார்கள், பரவாயில்லையா என்றும் கேட்டேன்.

"எங்க பேர பாத்து இன்னா பண்ணப் போறாங்க? செவுத்துல ஒட்டச் சொல்லு அண்ணே" என்றார் அவர்களில் இளையவர். மூத்தவர் கொஞ்சம் யோசித்தார். "பேரு போடட்டும், ஊரு போடட்டும், எம்மாம் பணம்னு போடட்டும். பேங்க் நம்பரு, போன் நம்பரு வேணாம். விதவைன்னு போட வேணாம்."

அவர் சொன்னபடியே எழுதினேன். பத்து ரூபாய் வில்லை ஒட்டி, காரணம் என்று எதையும் எழுதாமல், பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். முப்பது நாள் அவகாசம்.