இந்த மாடு எங்கே மேய்கிறது?

ஹரேன் தாஸின் மரச்செதுக்கு அச்சோவியங்களில் வண்டிமாடுகள் வரும், மேயும் பசுக்கள் வரும், தண்ணீர் சுமக்கும் பெண்கள் வருவார்கள். எல்லாவற்றிலும் ஓர் அமைதி. 1921ல் தினாஜ்பூரில் பிறந்து, கல்கத்தாவில் ஓவிய ஆசிரியராக இருந்தவர் அவர். ஆனா, அவருடைய இளமைக்காலத்து வங்கம் அமைதியாக இல்லை. 1943 பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் இறந்தார்கள். சித்தபிரசாத் பஞ்சப் பகுதிகளில் நடந்து வரைந்த 'ஹங்கிரி பெங்கால்' நூலின் பிரதிகளை பிரிட்டிஷ் அரசு எரித்தது.

அப்படியென்றால் தாஸ் வரைந்தது பொய்யா?

எனக்கு அப்படித் தோணல. மரச்செதுக்கில் வெள்ளையாக வரவேண்டிய இடத்தையெல்லாம் வெட்டி எடுக்க வேண்டும். ஒரு மாட்டின் விலா எலும்பு தெரிய அத்தனை கீறல்கள். அவ்வளவு நேரம் ஒரு மாட்டையே பார்த்தவனை அக்கறையில்லாதவன் என்று சொல்ல முடியாது. அவருடைய மாடுகள் வேலையும் செய்கின்றன. இல்லாதது ஒரே ஒரு தகவல்தான்: அந்த மாடு யாருடையது?

அது சின்ன விஷயம் இல்லை. ஏரும் மாடும் தானே கொண்டுவரும் பங்குசாகுபடிக்காரரைக் குத்தகைதாரராக ஏற்க வேண்டும், அவரிடம் விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று 1940ல் ஃப்ளவுட் கமிஷன் பரிந்துரைத்தது. மீதி இரண்டு பங்கைக் கேட்டுத்தான் 1946ல் தெபாகா போராட்டம். சோம்நாத் ஹோர் அங்கே நேரில் போய் வரைந்தார். படத்தில் அழகாக நிற்கிற மாடு, வயலில் உரிமைக்கான ஆதாரம்.

இது வங்கத்துப் பழங்கதை என்று நினைத்தால், தேனிக்கு வாங்க. இங்கே மலைமாடுகள் காட்டில் மேய்ந்து வளர்பவை. 2022 மார்ச்சில் மேகமலை தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் எல்லாவற்றிலும் மேய்ச்சலைத் தடை செய்தது. அதே மாதம் தடையைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. போடி பக்கம் பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் வரும் என்றபோது எழுந்த பயங்களில் மேய்ச்சல் நிலமும் ஒன்று. வனத்துறைக்கும் நியாயம் உண்டு: கால்நடை நோய் மானுக்கும் காட்டெருமைக்கும் பரவும்.

2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டுமாடு நம் போன்களில் ஒரு பெருமைச் சின்னம். திமில், கொம்பு, அந்தி வெளிச்சம். ரசிப்பதில் தப்பே இல்லை, தாஸும் அதைத்தான் செய்தார். ஆனா மாட்டைக் கொண்டாடிவிட்டு, கிடைபோடுபவரை ஆக்கிரமிப்பாளராகப் பார்ப்பது சரியில்லை. அடுத்த படத்தை ஃபார்வர்ட் செய்வதற்கு முன்னால், இது எங்கே மேயுது என்று கேட்டுப் பாருங்கள். பதில் ஒரு மேய்ச்சல் அனுமதிச் சீட்டாகவோ நீதிமன்ற உத்தரவாகவோ இருக்கலாம்.