பேழையின் கதவு

இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் 1966இல் திறக்கப்பட்ட லாங்லீட் பூங்காதான், ஆப்பிரிக்காவுக்கு வெளியே காரில் அமர்ந்தபடியே சிங்கங்களின் நடுவே போய்வர வழிசெய்த முதல் பூங்கா. இப்போது அடைபட்டிருப்பது மனிதர்தான், சிங்கம் உலவுகிறது என்று குடும்பத்தோடு போகிறவர்கள் மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் காரில் இருப்பவர் மாலையில் வீடு திரும்புவார். சிங்கம் திரும்ப ஓரிடமும் இல்லை. சுதந்திரத்தை ஏக்கரில் அளக்க முடியாது. வெளியேறும் முடிவு யார் கையில் என்பதே கேள்வி. காட்டிலும் சிங்கம் நாளில் இருபது மணி நேரம்வரை படுத்தே கிடக்கிறது. இங்கே வேளைக்கு இறைச்சி, மருத்துவம் எல்லாம் உண்டு, அது எதை இழந்தது என்பார்கள். பசியும் காயமும் குறைவது சிறிய நன்மையல்லதான். ஆனாலும் காட்டில் அந்த ஓய்வு வேட்டைக்குப் பின் வருவது. இங்கே ஓய்வு மட்டுமே மிச்சம்.

விலங்குகளை ஆளும் உரிமையைக் கடவுளே மனிதனுக்குத் தந்தார் என்று ஆதியாகமத்தைக் காட்டுவோரும் உண்டு. அதே நூலில் நோவா விலங்குகளைப் பேழையில் அடைத்தது வெள்ளம் வடியும்வரைதான். பிறகு கதவு திறந்தது. இனத்தைக் காக்கவே பூங்கா என்ற வாதத்தையும் இந்தக் கதவை வைத்தே அளக்கலாம். சீனாவில் அழிந்துபோன பெரே டேவிட் மானை பெட்ஃபோர்டு பிரபு இங்கிலாந்தின் வோபர்ன் தோட்டத்தில் வளர்த்துக் காத்தார். அதன் வழித்தோன்றல்கள் 1985இல் சீனா திரும்பின.