சுகமாகாதவர் வீட்டுக்கும் போங்கள்



"இனி ஒண்ணும் செய்ய முடியாது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டால், ஜெபிக்க வந்தவர்கள்கூட வருவதை நிறுத்திவிடுகிறார்கள். சுகமானால் சாட்சி, ஆகாவிட்டால்?

இங்கிலாந்தில் சிசிலி சாண்டர்ஸ் என்ற சகோதரி நர்ஸாக இருந்தார். முதுகுவலியால் அந்த வேலையை விடவேண்டியதாயிற்று. ஒரு கதவு அடைந்தது. ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் குடும்பக் கஷ்டங்களை விசாரிக்கும் வேலைக்கு வந்தார். 1945-ல் ஆண்டவரை ஏற்றுக்கொண்டார். புற்றுநோயால் 1948-ல் மரித்த டேவிட் டாஸ்மா என்பவரின் படுக்கையருகே உட்கார்ந்து பேசிவந்தார். அவர் சாகும்போது 500 பவுண்டு எழுதிவைத்துப் போனார். இப்படிப்பட்டவர்களின் வலி தீரவேண்டுமே என்று சிசிலி மறுபடியும் படித்து, நாற்பதை நெருங்கும் வயதில், 1957-ல் டாக்டரானார்! 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தார். வலி வந்து துடித்தபிறகு அல்ல, வருமுன்னே வேளாவேளைக்கு மருந்து கொடுத்தார்கள்.

அருமையானவர்களே, பவுலின் முள் நீங்கவில்லை. ஆனால் கிருபை குறையவில்லை. சுகத்துக்காக ஊக்கமாய் ஜெபியுங்கள். சுகமாகாதவரை விட்டு ஓடிவிடாதேயுங்கள். இந்த வாரம் யாருடைய படுக்கையருகே உட்காரப்போகிறீர்கள்?

கர்த்தர் உங்களை அனுப்புவாராக. ஆமென்! அல்லேலூயா!