சிதையாத செவ்வந்தி

பாட்டனார் மறைந்தபின் வீட்டை ஒழுங்கு செய்கையில், பரணிலோ அலமாரியின் பின்புறத்திலோ பழைய போர்த் துப்பாக்கி ஒன்று அகப்படுவது அமெரிக்கக் குடும்பங்களில் அரிய நிகழ்ச்சியன்று. இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் தீவுகளில் போரிட்ட வீரர்கள் ஜப்பானியத் துப்பாக்கிகளை நினைவுப் பொருள்களாகப் பெருமளவில் கொண்டு வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இன்று இல்லை. பொருள் மட்டும் பேரப்பிள்ளைகளின் கைக்கு வந்திருக்கிறது. 'இது என்ன? இதற்கு என்ன விலை கிடைக்கும்?' என்னும் இரு வினாக்களோடு அவர்கள் விவரம் அறிந்தவர்களை நாடுகின்றனர்.

முதல் வினாவுக்கு விடை காண்பது அத்துணைக் கடினமன்று. இத்துப்பாக்கிகள் அரிசாக்கா என்னும் படை அதிகாரியின் பெயரால் வழங்குகின்றன. தோட்டா அறையின் மேற்புறத்தில் வகையின் பெயர் ஜப்பானிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். 38ஆம் வகை என்றால் மெய்ஜி மன்னர் ஆட்சியின் 38ஆம் ஆண்டு, அதாவது 1905. 99ஆம் வகை என்றால் ஜப்பானியரின் பழைய ஆண்டுக் கணக்கில் 2599. நம் கணக்கில் 1939. முன்னதன் தோட்டா 6.5 மில்லிமீட்டர், பின்னதனுடையது 7.7 மில்லிமீட்டர். இடப்பக்கத்தில் வரிசை எண்ணும் ஆயுதசாலையின் முத்திரையும் இருக்கும். போல்ட்டில் உள்ள எண்ணும் அதனோடு ஒத்திருந்தால் மதிப்பு உயரும். பளபளப்பாக்கும் ஆர்வத்தில் மரக்கட்டையை உப்புத்தாள் கொண்டு தேய்த்தவர் அதன் மதிப்பையும் சேர்த்தே தேய்த்தவராவார். சுட்டுப் பார்க்கும் ஆசையும் ஆகாது. பயிற்சிக்கென்றே செய்யப்பட்டு, உண்மையான தோட்டாவைத் தாங்கும் வலிமையற்றவையும் இவற்றுள் உண்டு. பழம்பொருள்தானே என்று சட்டத்தை மறந்துவிடவும் இயலாது. 1968ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி 1898இலோ அதற்கு முன்போ செய்யப்பட்டதே பழங்காலத் துப்பாக்கி. இவை அந்த வரம்புக்குள் வாரா.

முத்திரைகளுள் ஒன்று கொக்குரா ஆயுதசாலையுடையது. 1945 ஆகஸ்ட் 9 அன்று அணுகுண்டுக்கு முதல் இலக்காகக் குறிக்கப்பட்டிருந்தது அந்த ஆயுதசாலையே. அன்று இலக்குக் கண்ணுக்குப் புலப்படாததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. ஜப்பானியக் கத்தோலிக்கரின் தொன்மையான உறைவிடமாகிய உராக்காமியின் மேல் குண்டு வெடித்தது. சிறு முத்திரை ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியில் உற்றுநோக்கும் பேரன் இதனையும் அறிந்திருத்தல் நன்று.

இரண்டாம் வினாவில்தான் நெஞ்சு இடறுகிறது. வகைப் பெயருக்கு மேலே பதினாறு இதழ்கள் கொண்ட செவ்வந்திப்பூ பொறிக்கப்பட்டிருக்கும். அது மன்னரின் சின்னம். ஆயுதம் அவருடையது என்பதன் அடையாளம். போர் முடிந்து சரணடைந்த துப்பாக்கிகளில் பலவற்றில் இம்மலர் அராவி அழிக்கப்பட்டது. இதற்கு ஆணையிட்டவர் யார் என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும், மலர் சிதைந்த துப்பாக்கி அமைதி வந்தபின் கைமாறியதாக இருக்கலாம். மலர் சிதையாதது போர்க்களத்திலேயே, பெரும்பாலும் மாண்டவன் அருகிலிருந்து எடுக்கப்பட்டதாக இருக்கலாம். இவ்விதிக்கு விலக்குகள் பல. ஆயினும் சந்தை சிதையாத மலருக்கே அதிக விலை தருகிறது.

முழுமையான பொருளுக்கு முழு விலை என்று சேகரிப்போர் விடையளிப்பர். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. உடைந்த சிலையைவிட உடையாத சிலைக்கு மதிப்பு அதிகமன்றோ? ஆனால் அவர்களுள் பலர் மலரை மட்டும் வாங்குவதில்லை, கதையையும் சேர்த்தே வாங்குகிறார்கள். கைப்பற்றியதற்கான படைத்துறைச் சான்றிதழ் உடனிருந்தால் விலை ஏறும். ஆகவே அழிந்த மலரைப் புதிதாகப் பொறித்து ஏமாற்றுவோரும் தோன்றிவிட்டனர். மலரைப் பொய்யாகப் பொறிப்பதற்கும், 'இதை என் பாட்டனார் நேருக்கு நேர் போரிட்டு எடுத்தார்' என்று அவர் ஒருநாளும் சொல்லாததைச் சொல்லி விற்பதற்கும் பெரிய வேற்றுமை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. முன்னதில் உலோகத்தின்மேல் பொய் எழுதப்படுகிறது. பின்னதில் இறந்தோர் இருவர்மேல்.

துப்பாக்கியை விற்பது பாவம் என்று நான் கூறவில்லை. பேரன் போரைத் தொடங்கியவனல்லன். அவன் வறுமைக்கு அந்தப் பணம் உதவவும் கூடும். ஆயினும் தனக்குக் கிடைக்கும் பணத்தில் ஒரு பகுதி எதற்காகத் தரப்படுகிறது என்பதை அறியாதவன்போல் இருக்க அவனுக்கு உரிமை உண்டா?

அதே வீரர்கள் கொண்டு வந்த ஜப்பானியக் கொடிகளின் நிலை வேறு. போருக்குப் புறப்பட்ட மகனுக்கு உற்றாரும் ஊராரும் தம் பெயர்களை எழுதிக் கொடுத்த கொடிகள் அவை. ஓரிகன் மாநிலத்தில் 2009இல் தொடங்கப்பட்ட ஓபோன் சங்கம், அப்பெயர்களைக் கொண்டு குடும்பங்களைத் தேடிக் கொடிகளைத் திருப்பி அளித்து வருகிறது. துப்பாக்கியிலோ பெயர் இல்லை, எண் மட்டுமே உண்டு. யாரிடம் திருப்பித் தருவது? பேரனால் இயன்றது ஒன்றே: பாட்டனார் சொன்னது எது, சொல்லாமல் விட்டது எது, தான் ஊகிப்பது எது என்று ஒரு தாளில் பிரித்து எழுதி, வாங்குவோரிடம் துப்பாக்கியோடு கொடுத்துவிடுவது. அதனால் விலை சற்றுக் குறையவும் கூடும்.